பிரைட்ஹார்ன்: முதல் நாலாயிரம் மீட்டர் சிகரத்தை ஏறுவது எப்படி?

ஆல்ப்ஸில் 4000 மீட்டரைத் தாண்டிய சிகரம் ஒன்றில் ஏறிப் பார்க்க வேண்டும், பனிமலை அனுபவம் இல்லை என்றால் நான் சொல்வது பிரைட்ஹார்ன். உயரம் 4164 மீட்டர். சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊருக்கு மேலே, இத்தாலி எல்லையில் நிற்கிறது. 1813-லேயே இதன் உச்சியைத் தொட்டுவிட்டார்கள். இன்று பக்கத்தில் இருக்கும் க்ளைன் மாட்டர்ஹார்ன் சிகரத்தின் ரோப் கார் நிலையம் வரை, அதாவது 3800 மீட்டருக்கு மேலே, ரோப் காரிலேயே போய்விடலாம். மிச்சம் ஏறுவது சுமார் 350 மீட்டர்தான். அந்த 350-ஐ லேசாக நினைத்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1. உடம்பைப் பழக்குங்கள்

செர்மாட் 1600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்குள் கார் வராது, டேஷிலிருந்து ரயில். அங்கே இரண்டு இரவாவது தங்குங்கள். ஏறும் நாளுக்கு முந்தைய நாள், பல்சக்கர ரயிலில் கோர்னர்கிராட் என்ற மலைமுகட்டுக்குப் போய் 3000 மீட்டர் உயரத்தில் சில மணி நேரம் நடங்கள். எதிரே பிரைட்ஹார்னின் செங்குத்தான வடக்கு முகம் தெரியும். பயப்பட வேண்டாம், நாம் ஏறப்போவது மறுபக்கம். சிகரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. தலைவலியோடு குமட்டலும் வந்தால் ஒரே மருந்து கீழே இறங்குவதுதான்.

2. கிராம்பான் மாட்டப் பழகுங்கள்

கெட்டியான அடிப்பாகம் உள்ள பூட்ஸ், கிராம்பான் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள் சட்டம்), ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி), ஹார்னஸ் (கயிற்றைக் கட்ட இடுப்பில் மாட்டும் பட்டை), ஹெல்மெட் எல்லாம் ஊரிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பனியில் இறங்கவே கூடாது.

கிராம்பானை முந்தைய நாளே அறையில் போட்டுப் பாருங்கள். வார்க்கொக்கி பாதத்தின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். மிச்ச வாரைத் தொங்கவிடாமல் செருகிவிடுங்கள். நடக்கும்போது இரண்டு பாதத்துக்கும் நடுவே ஒரு ஜாண் இடைவெளி. முதல்முறை போகிறவர்கள் விழுவது பெரும்பாலும் பனி வழுக்கி அல்ல, ஒரு காலின் முள் மறுகால் பேன்ட்டில் மாட்டித்தான்.

3. கயிறு, வழிகாட்டி

நாம் நடப்பது பனியாற்றின் மேல். நன்றாக மிதிபட்ட தடத்துக்கு அடியிலும் ஆழமான பனிப்பிளவு மூடிக் கிடக்கலாம். அதனால் முதல்முறை, தகுதி பெற்ற மலை வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். எல்லோரும் ஒரே கயிற்றில் பிணைந்துதான் நடப்போம். அந்தக் கயிற்றைக் கையில் சுருட்டிப் பிடிக்கக் கூடாது. முன்னே போகிறவர் பிளவில் விழுந்தால் அந்தச் சுருள் உங்கள் கையை இறுக்கி உங்களையும் இழுத்துவிடும்.

4. ஏற்றம்

காலை முதல் ரோப் காரைப் பிடியுங்கள். சுரங்கப்பாதை வழியே வெளியே வந்ததும் பனிச்சறுக்குத் தடம் வரும், அதைக் கவனமாகக் கடந்தால் பரந்த பனிவெளி. பார்க்க மைதானம் போல இருக்கும். மூடுபனி இறங்கினால் திசையே தெரியாது. நான் முதல்முறை போனபோது இங்கேதான் மேகம் சூழ்ந்தது. வழிகாட்டி ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தார். மறுநாள்தான் ஏறினோம். அன்று திரும்பியது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

பனிவெளி முடிந்ததும் தென்மேற்குச் சரிவு, ஏறத்தாழ 35 பாகை. வளைந்து வளைந்து ஏறுங்கள். பாதத்தைத் தட்டையாக வைத்து எல்லா முள்ளும் பதிய மிதியுங்கள். ஐஸ் ஆக்ஸ் எப்போதும் மலைப்பக்கக் கையில் இருக்கட்டும், திருப்பம் வரும்போது கை மாற்றுங்கள். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும். நிலையத்திலிருந்து உச்சிக்கு ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் ஆகும்.

உச்சியில் வடக்கு ஓரத்துக்குப் போகாதீர்கள். காற்று குவித்த பனி அந்தப் பக்கம் வெறும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். நின்ற இடத்திலேயே எல்லாம் தெரியும். மேற்கே மாட்டர்ஹார்ன், செர்மாட்டில் பார்த்த உருவமே இல்லாமல். அதற்கும் தூரத்தில் மோன் பிளாங். கிழக்கே காஸ்டர், பொலுக்ஸ், லிஸ்காம், மோன்டே ரோசா. தெற்கே கிரான் பாரடீசோ.

5. இறக்கம்

வெயில் ஏற ஏறப் பனி இளகும், பிளவுகளைப் பாலம் போல மூடியிருக்கும் பனியும் பலவீனமாகும். நண்பகலுக்குள் நிலையத்துக்கு வந்துவிடப் பாருங்கள். ஈரப்பனி கிராம்பானுக்கு அடியில் உருண்டையாக ஒட்டும். ஐஸ் ஆக்ஸின் காம்பால் பூட்ஸின் பக்கவாட்டில் தட்டினால் உதிரும்.

பிரைட்ஹார்னின் நடுச்சிகரம் வழியாகப் பாறை முகட்டில் வரும் பாதையும், அதன் கிழக்குக் கோடியில் உள்ள ரோச்சா நேரா சிகரத்திலிருந்து தொடங்கும் முழு நீள முகட்டுப் பாதையும் இதே மலையில் இருக்கின்றன. கிராம்பானோடு பாறையில் ஏறக் கற்றுக்கொண்ட பிறகு அவற்றுக்குப் போகலாம்.