சேலத்திலிருந்து தினமும் நெடுஞ்சாலையில் போய்வரப் பழைய பெட்ரோல் கார் வாங்குவது எப்படி?

சேலத்தில் வீட்டை வைத்துக்கொண்டு பெருந்துறை சிப்காட்டுக்கோ நாமக்கல்லுக்கோ தருமபுரிக்கோ அன்றாடம் வேலைக்குப் போய்வருகிறவர்களும், வார நாட்களில் அலுவலகத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுடன் ஊருக்கும் ஒரே வண்டியில் போக நினைப்பவர்களும், பழைய கார் தேடும்போது பெரும்பாலும் இரண்டு எண்களையே பார்க்கிறார்கள்: எந்த ஆண்டு வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் நான்குவழிச் சாலையில் நீண்ட தூரம் ஓட்டப்போகிற ஒருவர் அவற்றைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, அந்தக் கிலோமீட்டர்கள் எந்தச் சாலையில் ஓடியவை என்பதே.

வண்டியைத் தேடும் முன் உங்கள் ஓட்டத்தைக் கணக்குப் போட்டுவிடுங்கள். சேலத்திலிருந்து பெருந்துறை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். போக வர 150 என்றால், மாதம் 25 நாளுக்கு 3,750 கிலோமீட்டர் ஆகிறது, ஆண்டுக்கு 45,000. பெட்ரோலை லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு மாதம் சுமார் 22,000 ரூபாயும், 14 கொடுக்கும் வண்டிக்குச் சுமார் 26,800 ரூபாயும் செலவாகும். அந்த மூன்று கிலோமீட்டர் வித்தியாசம் ஓராண்டில் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. ஆகவே விலையில் இருபதாயிரம் குறைகிறது என்பதற்காக எரிபொருளை அதிகம் குடிக்கும் வண்டியை எடுப்பது, இவ்வளவு ஓடுகிறவருக்கு லாபமாகாது.

இவ்வளவு ஓட்டத்துக்கு டீசல்தானே பொருத்தம் என்று கேட்பது நியாயமே. ஆனால் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசல் கார்களை அடியோடு நிறுத்தியது. மற்ற நிறுவனங்களின் சிறிய டீசல் கார்களும் படிப்படியாக மறைந்தன. இன்று சந்தையில் அகப்படும் சிறிய, நடுத்தர டீசல் வண்டிகளில் பெரும்பாலானவை வயதானவை. டர்போ, இன்ஜெக்டர் என்று ஒன்று கெட்டாலும் அதுவரை மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். நல்ல நிலையில் உள்ள 1.5 லிட்டர் பெட்ரோல் வண்டி இந்தத் தொல்லைக்கு எளிய மாற்று.

என்ஜின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 800 சி.சி., 1,000 சி.சி. சிறு கார்கள் ஊருக்குள் நன்றாகவே ஓடும். ஆனால் சங்ககிரிப் பக்கம் வரிசையாகப் போகும் லாரிகளை முந்த வேண்டியிருக்கும்போது நான்கு பேரும் குளிர்சாதனமும் சேர்ந்தால் அவை திணறும். 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் என்ஜின் போதுமானது, 1.5 லிட்டர் வசதியானது. மாருதி சியாஸ் 2018 முதல் 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினுடன் வந்தது. பின்னிருக்கையும் டிக்கியும் தாராளம், உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். தாத்தா, பாட்டியும் உடன் வரும் குடும்பத்துக்கு அதே ஆண்டு இறுதியில் வந்த இரண்டாம் தலைமுறை எர்டிகாவைப் பார்க்கலாம். ஓட்டுபவரின் சுகத்துக்கு ஹோண்டா சிட்டியை முதலில் வைப்பேன். ஆனால் அது தாழ்ந்த வண்டி, ஊர்ப்பாதையின் வேகத்தடைகளில் அடிப்பக்கம் உரசியிருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. செலவு இன்னும் குறைய வேண்டுமென்றால் டிசையர், பலேனோ, அமேஸ். ஏழு வேக டி.எஸ்.ஜி. தானியங்கி கியர் கொண்ட பழைய ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்கள் ஓட்ட அருமையானவை. கியர்பெட்டியில் மெக்கட்ரானிக் என்னும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பகுதி பழுதானால் வரும் செலவு, பழைய கார் வாங்குகிறவரின் கையிருப்புக்குத் தாங்காது என்பதால் அவற்றைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

ஆண்டைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று எல்லைக்கோடுகள் உதவும். 2019 ஏப்ரலுக்குப் பின் விற்ற கார்களில் ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), அவ்வாண்டு ஜூலைக்குப் பின் ஓட்டுநருக்கான காற்றுப்பை ஆகியன கட்டாயம். முன்பயணிக்கான காற்றுப்பை எல்லா மாடல்களிலும் 2021 இறுதியில்தான் கட்டாயமானது. ஆகவே 2022 வண்டி என்றால் அடிப்படை மாடலிலும் இரண்டும் இருக்கும். மூன்றாவது, எரிபொருள். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து வந்த கார்களின் குழாய்களும் ரப்பர் பாகங்களும் அதற்கேற்றவை. அதற்கு முந்தையவற்றை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் எரிபொருள் குழாய், சீல்கள் ஆகியவற்றில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மைலேஜும் சற்றுக் குறையும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இனி, அந்தக் கிலோமீட்டர் விஷயம். 90,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையிலேயே ஓடிய கார் ஒன்றும், ஏற்காட்டில் வாழ்ந்து 35,000 ஓடிய கார் ஒன்றும் பக்கத்தில் நின்றால், பெரும்பாலோர் இரண்டாவதைத் தொடுவார்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது முதல், இரண்டாம் கியரில் கிளட்ச் தேய்கிறது; இறங்கும்போது பிரேக் தேய்கிறது; ஓரங்களில் டயர் தேய்கிறது; ஸ்டியரிங் இணைப்புகளும் சஸ்பென்ஷன் புஷ்களும் ஓயாமல் திரும்புகின்றன. நெடுஞ்சாலை வண்டியோ ஐந்தாம் கியரில், சீரான வெப்பத்தில், கிளட்சை அதிகம் மிதிக்காமல் ஓடியது. அதன் அடையாளங்களும் வெளிப்படையானவை: முன் பம்பரிலும் பானெட் விளிம்பிலும் சிறு கல் அடிபட்ட புள்ளிகள், எதிர்வெயிலில் பார்த்தால் முன்கண்ணாடியில் மணல் உரசிய மங்கல், அதே நேரம் பெடல் ரப்பரும் கியர் குமிழும் ஓட்டுநர் இருக்கையின் ஓரமும் அதிகம் தேயாமல் இருக்கும். மீட்டர் 40,000 காட்டும் வண்டியில் பெடல் ரப்பர் வழவழத்து, ஸ்டியரிங் தோல் பளபளத்திருந்தால் மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள் என்றே சந்தேகிக்க வேண்டும். சர்வீஸ் பதிவுகள் இதற்கு நல்ல சாட்சி. ஒவ்வொரு சர்வீஸின்போதும் தேதியும் கிலோமீட்டரும் பதிவாகும். அவை இடையில் ஓரிடத்தில் பின்னோக்கிப் போனால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

சேலத்து வண்டிகளுக்கென்று இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது ரேடியேட்டர். நம் ஊர் போர் தண்ணீர் உப்பும் கடினமும் மிகுந்தது. கூலண்டுக்குப் பதிலாக அதை ஊற்றி ஓட்டிய வண்டியின் உட்குழாய்களில் படிவு கட்டியிருக்கும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ ஊதாவோ, நிறம் தெளிவாக இருந்தால் நல்லது. துருநிறமோ வெறும் தண்ணீரோ இருந்தால், கோடையில் தினமும் இரண்டு மணி நேரம் ஓட அது தகுதியான வண்டியன்று. இரண்டாவது காற்று வடிகட்டி: கருப்பூர், மாமாங்கம் பக்கத்து மேக்னசைட் சுரங்கப் பகுதியில் நின்றுவந்த வண்டிகளில் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். வடிகட்டியைத் தாண்டி உள்குழாயிலும் தூசி தென்பட்டால் என்ஜின் அதைத் தின்றிருக்கிறது என்று பொருள்.

சென்னைப் பதிவு வண்டிகள் இங்கு மலிவாகக் கிடைப்பதுண்டு. எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் முழுகிய கார்கள் ஏராளம் என்பதை நினைவில் வையுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை காட்டிக்கொடுக்கும். ஸ்டெப்னி இருக்கும் குழி, தரைவிரிப்பின் அடிப்பக்கம், இருக்கைத் தண்டவாளங்களின் துரு ஆகியவற்றையும் பாருங்கள்.

விபத்தில் அடிபட்டுப் பட்டி பூசிய வண்டியை மாலை இருட்டில் கண்டுபிடிக்க முடியாது. பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் கண்ணை ஓட்டினால் பெயிண்டில் அலை தெரியும். கதவு விளிம்புகளின் இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து, போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் உள்ளதா என்று பாருங்கள். பம்பரும் ஃபெண்டரும் மாற்றியது பெரிய குறையன்று. சேஸில் வெல்டிங் இருந்தால் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட அது வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பதில் அவசரம் வேண்டாம். விற்பவரிடம் முன்பே சொல்லி, காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்களே போடுங்கள். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். நீலப் புகை, உலோகச் சலசலப்பு, விட்டுவிட்டு ஓடும் என்ஜின் ஆகியவற்றை அந்த முதல் நிமிடத்திலேயே கண்டுகொள்ளலாம். பிறகு ஐந்து ரோடு நெரிசலில் கிளட்சும் கியரும் எப்படி என்று பாருங்கள். அங்கிருந்து கருப்பூர் வழியாக 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஓமலூரைத் தாண்டித் தொப்பூர் வரை ஓட்டுவதுதான் உண்மையான தேர்வு. 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங்கோ, வளைந்த ரிம்மோ காரணமாக இருக்கலாம். வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் வீல் பேரிங்கைக் குறிக்கும். பிரேக் மிதிக்கும்போது பெடல் துடித்தால் டிஸ்க் கோணியிருக்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் சுழற்சி நிமிடத்துக்கு 3,000க்கு வெகு மேலே போனால், மாலையில் வீடு திரும்பும்போது அந்த இரைச்சல் தலையில் ஏறும். தொப்பூர்க் கணவாயில் தருமபுரி நோக்கி ஏறும்போது நான்காம் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். சுழற்சி ஏறியும் வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் முடிந்துவிட்டது. பல கார்களில் வெப்பமானியே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டுமே, ஆகவே ஓ.பி.டி. ஸ்கேனர் (வண்டியின் கணினியில் செருகி என்ஜின் வெப்பம், பழுதுகளைப் படிக்கும் கருவி) வைத்திருக்கும் மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்வது நலம். திரும்பி இறங்கும் சரிவில் பிரேக்கைச் சோதிக்க முயலாதீர்கள். லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதி உயிர்கள் போன இடம் அது. தாழ்ந்த கியரில் அமைதியாக இறங்கி, பின்னர் வாகனமில்லாத சர்வீஸ் சாலையில் சோதித்துக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் பொறித்த நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1821 என்றால் 2021இன் 18ஆம் வாரம். தடம் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு ஆண்டு கடந்த டயரில் நெடுஞ்சாலைக் கோடையைத் தாண்டத் துணியாதீர்கள்; நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

காகிதங்களுக்கு வருவோம். பதிவு எண்ணைப் பரிவாகன் என்னும் அரசின் வாகனத் தளத்தில் போட்டு, எத்தனையாவது உரிமையாளர், கடன் நிலுவை, காப்பீடு, கட்டாத அபராதம் ஆகியவற்றைப் பாருங்கள். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் கடன் தீர்ந்ததைப் பதிவு செய்யக் கையெழுத்திட்ட படிவம் 35உம் கைக்கு வராமல் முழுத் தொகையைக் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கன்சல்டிங் கடையில், அதாவது பழைய கார் வியாபாரியிடம், வாங்கினால், 2023 ஏப்ரலில் வந்த விதியின்படி அவர்களுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலக அங்கீகாரம் உண்டா என்று கேட்கலாம். பெங்களூருப் பதிவு வண்டி விலை குறைவாகத் தெரியும். ஆனால் அங்கிருந்து படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் ஆயுள் வரி கட்டி, புதிய எண் பெற்று, அங்குக் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். அந்த வரியையும் கூட்டிப் பார்த்த பிறகும் மலிவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். காப்பீட்டில் இழப்பீடு கேட்காததற்காக விற்றவருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் சலுகை உங்களுக்கு வராது, பிரீமியத்தின் வித்தியாசத்தைக் கட்ட நேரிடும். வண்டியை எடுக்கும் நாளில் டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதற்கு முந்தைய அபராதமும் விபத்தும் யாரைச் சேர்ந்தவை என்பதில் பிறகு வழக்கு வராது.

ஃபாஸ்டேக் வண்டி எண்ணோடு கட்டியது. பழையதை விற்பவரே மூடட்டும், நீங்கள் உங்கள் பெயரில் புதிது எடுங்கள். தினமும் வைகுந்தம் சுங்கச்சாவடியைக் கடப்பவர் ஆண்டுப் பாஸைப் பரிசீலிக்கலாம். 2025 ஆகஸ்டு 15 அன்று அது அறிமுகமானபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை, அதாவது ஒரு முறைக்கு 15 ரூபாய். போக வர மாதம் 50 முறை கடப்பவருக்கு அது ஆண்டு முழுவதும் வராது, நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும், அப்படியும் லாபமே.

வாங்கிய வாரத்திலேயே என்ஜின் ஆயில், வடிகட்டிகள், கூலண்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்து, அன்றைய மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்று கையேடு சொன்னால், உங்கள் ஓட்டத்துக்கு அது மூன்று மாதத்துக்குள் ஒன்றாக வரும். ‘ஆண்டுக்கொரு முறை’ என்ற வரி குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு எழுதியது.