பியாசோலாவை முதன்முதலில் கேட்பவர்களுக்கு

டாங்கோ என்பது அர்ஜென்டினாவின் ஜோடி நடனம். ஆனால் அந்நாட்டு இசையமைப்பாளர் ஆஸ்டர் பியாசோலாவின் 'டாங்கோ: ஜீரோ அவர்' (1986) ஆல்பத்தை ஆட்டத்துக்கான இசை என்று நினைத்துப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். இது உட்கார்ந்து கேட்க வேண்டியது. முதல் தடவை வரிசைப்படி போக வேண்டாம். நேராக 'மிக்கேலாஞ்சலோ 70'. மூன்று நிமிடம்கூட இல்லை. மேசையில் விரலால் எட்டு எண்ணித் தட்டுங்கள். ஒன்று, நான்கு, ஏழு, இந்த மூன்றில் மட்டும் கொஞ்சம் அழுத்தி. மூன்று-மூன்று-இரண்டு. இந்தக் கணக்கு கைக்குப் பிடிபட்டால் மற்ற பாடல்களிலும் அது அங்கங்கே தலைகாட்டுவது தெரியும்.

ஹெட்ஃபோன் கட்டாயம். போன் ஸ்பீக்கரில் டபுள் பேஸ், அதாவது கனத்த குரலுள்ள பெரிய வயலின் போன்ற வாத்தியம், காணாமலே போய்விடும். பத்து நிமிட 'கொன்ட்ராபாஹிசிமோ' தொடங்குவதே அந்த வாத்தியத்தில்தான்.

அப்புறம், பியாசோலாவின் இசையில் வயலினிலிருந்து திடீரென்று கரகரவென ஒரு சத்தம் வரும். பதிவுக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். வயலினின் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் சிறு கட்டைக்கு) பின்பக்கம் தந்தியை வில்லால் தேய்க்கும் உத்தி அது. பெயர் 'சிச்சர்ரா', அதாவது சில்வண்டு. பொருத்தமான பெயர்தான்!

'மிலோங்கா டெல் ஆன்ஹெல்' மட்டும் இரவுக்கு இருக்கட்டும். அதில் அக்கார்டியன் போன்ற பாண்டோனியானின் துருத்தி மெதுவாக மூச்சு விடுவதைக் கேட்க வீடு அடங்கியிருக்க வேண்டும்.