வீட்டுக்குள் இன்னொரு பள்ளிக்கூடம் கட்டாதீர்கள்

மகளுக்கு ஐந்தரை வயதாக இருந்தபோது, இனி வீட்டிலேயே கற்பிப்போம் என்று முடிவெடுத்தோம். அந்த வாரம் நான் செய்த முதல் வேலை ஒரு கரும்பலகை வாங்கியது. அடுத்தது, சுவரில் கால அட்டவணை ஒட்டியது. ஒன்பது மணிக்குத் தமிழ், பத்துக்குக் கணக்கு, பதினொன்றுக்கு ஆங்கிலம், மதியம் ‘படைப்பாற்றல் நேரம்’. இடைவேளைக்கு அடிப்பதற்காகப் பூஜை மணியைக்கூட எடுத்து வைத்திருந்தேன். மூன்றாவது வாரம், மணி பன்னிரண்டு ஆனதும் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து அவள் கேட்டாள்: “மிஸ் போய்விட்டார்களா, அம்மா?”

அந்தக் கரும்பலகை இப்போது கொடியில் இடம் கிடைக்காத துணிகளைத் தாங்குகிறது.

வீட்டுக்கல்வியில் இறங்கும் பெற்றோர் அநேகமாக எல்லோரும் செய்யும் முதல் தவறு இதுதான். மணியும் அட்டவணையும் பள்ளிக்குத் தேவை. நாற்பது பிள்ளைகளை ஒரே ஆசிரியர் மேய்க்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை. வீட்டில் இருப்பது ஒன்றோ இரண்டோ. வருகைப்பதிவு இல்லை, வரிசையில் நிற்க வேண்டியதில்லை, பின்வரிசைப் பையன் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதையெல்லாம் கழித்துவிட்டால் உட்கார்ந்து படிக்க உண்மையில் எவ்வளவு நேரம் வேண்டும்? எங்கள் வீட்டில் ஆறு வயது மகனுக்கு முக்கால் மணி நேரம், ஒன்பது வயது மகளுக்கு ஒன்றேகால் மணி நேரம். இதற்கு மேல் இழுத்த நாள்களில் அவர்கள் கற்றது கொட்டாவி விட மட்டுமே.

அட்டவணை தோற்றதும் நாங்கள் எதிர்க்கரைக்கு ஓடினோம். ‘பிள்ளை தானாகக் கற்றுக்கொள்ளும்’ என்று சொல்லி எதையும் தொடாமல் விட்டோம். பள்ளிப் பாணியே வேண்டாம் என்ற இந்த எண்ணத்துக்கு அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட் 1977இல் ‘அன்ஸ்கூலிங்’ என்று பெயர் வைத்தார். அதை ஒழுங்காகச் செய்பவர்கள் பிள்ளையோடு நாள் முழுவதும் உழைக்கிறார்கள். நாங்கள் செய்தது அதுவல்ல, வெறும் சோம்பல். ஒருநாள் இரவு பக்கத்து வீட்டுப் பையன் வாய்ப்பாடு ஒப்பிப்பது காதில் விழுந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மறுநாள் காலை பயிற்சித்தாள் கட்டோடு மகளின் முன்னால் உட்கார்ந்தேன். சும்மா விடுவது, பயந்துபோய்த் திணிப்பது, அழ வைப்பது, மறுபடி சும்மா விடுவது. இந்தச் சுழலில் ஓர் ஆண்டு போனது.

இப்போது நாளில் இரண்டே முளைகள் அடித்திருக்கிறோம். காலைச் சாப்பாடு முடிந்ததும் படிப்பு, விளக்கு வைத்த பிறகு கதை. நடுவில் உள்ளது அவர்கள் நேரம்.

அடுத்த தவறு எழுத்து விஷயத்தில். ‘அ’னாவில் தொடங்கி 247 எழுத்துகளையும் நாலுகோட்டு நோட்டில் எழுத வைத்தேன். சற்று யோசித்துப் பாருங்கள். ‘அ’ எத்தனை வளைவு, எத்தனை திருப்பம்! பென்சிலை முஷ்டியில் பிடிக்கும் கைக்கு அதைவிடக் கொடுமையான தொடக்கம் ‘இ’ ஒன்றுதான். ‘ட’வுக்கு இரண்டு கோடுகள் போதும். ‘ப’வுக்கு மூன்று. இவற்றோடு ‘ம’வையும் புள்ளியையும் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே நான்கு சொற்கள் வாசிக்கக் கிடைக்கின்றன. மகனுக்கு இப்படித்தான் தொடங்கினேன். ‘பட்டம்’ என்று தானே வாசித்துவிட்டு, மாடிக்கு ஓடிப் போய்ப் பழைய பட்டத்தை எடுத்து வந்தான்.

247 என்ற எண்ணைக் கண்டு மிரளவும் வேண்டாம். அதில் 216 உயிர்மெய். அவை தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய 216 உருவங்கள் அல்ல. கால், கொம்பு, கொக்கி ஆகியவை எங்கே ஒட்டும் என்பது பிடிபட்டால் வரிசைகள் தாமாக வந்துவிடும். கு, சு, டு, து என்று எழுத்துக்கு எழுத்து உரு மாறும் உகர, ஊகார வரிசைகள் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதற்குத் தனியாக நேரம் கொடுங்கள்.

எழுதுவதற்கு முன்னால் கை பழக வேண்டும். சப்பாத்தி மாவைப் பிசைவது, பட்டாணி உரிப்பது, ஊசியில் மணி கோப்பது, வாசலில் விரலிடுக்கில் கோலமாவை இழைய விடுவது, இவை எல்லாம் கையெழுத்துப் பயிற்சிதான். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் இந்தியாவுக்கு வந்து, போர்க்காலத்தைச் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் கழித்தவர். அவர் வகுத்த ‘அன்றாட வாழ்க்கைப் பயிற்சிகள்’ என்ன தெரியுமா? தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றுவது, தரையைப் பெருக்குவது, பித்தான் போடுவது. அவர் பெயரை ஒட்டி ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் மரப்பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டுச் சொம்பும் துடைப்பமும் நினைவுக்கு வரும்.

பெட்டி என்றதும் ‘படைப்பாற்றல்’ பற்றிச் சொல்லியாக வேண்டும். இதில் நான் பெருந்தொகை தொலைத்திருக்கிறேன். மினுமினுப்புத் தூள், பளபளக்கும் காகிதம், வெட்டித் தயாராக வைத்த உருவங்கள். இணையத்தில் ஒரு காணொளி, அதைப் பார்த்து அப்படியே ஒரு மயில். பிள்ளை பாதியில் சலித்து எழுந்து போகும், மீதியை நான் ஒட்டி முடிப்பேன். பிறகு படம் எடுத்து உறவுக்காரர்களுக்கு அனுப்புவேன். ஒருநாள் மகள் தீட்டிய வண்ணம் காய்வதற்குள், “அம்மா, போட்டோ எடுங்கள், கலைத்துவிடுகிறேன்” என்றாள். படத்துக்காகத்தான் வரைகிறோம் என்று அவளுக்கு நானே கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து படம் எடுப்பதை நிறுத்தினேன். பெட்டிகளை வாங்குவதையும் நிறுத்தினேன். நான் வீட்டில் ரவிக்கை தைப்பவள், கணவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். வெட்டுத்துணி, நூல்கண்டுக் குழல், எரிந்துபோன காயிலிலிருந்து உருவிய செம்புக் கம்பி, அட்டைப்பெட்டி, மைதா பசை. எல்லாம் ஒரு பழைய பிளாஸ்டிக் கூடையில் கிடக்கும். அதிலிருந்து வருவது பல நாள் ஒன்றுக்கும் ஆகாத குப்பையாகத்தான் இருக்கும். இருக்கட்டும். மகன் குழல்களைக் கோத்து, தான் ‘தண்ணீர் லாரி’ என்று சொல்லும் ஒன்றை நான்கு நாள் கட்டினான். அதைப் பார்த்து யாரும் லாரி என்று சொல்லமாட்டார்கள். யோசனை வேண்டும் என்றால், கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டுக் குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்வதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்ட அரவிந்த் குப்தாவின் இணையதளம் இருக்கிறது. எல்லாம் இலவசம். ஆனால் ஒரு நிபந்தனை: செய்து காட்டிவிட்டு நீங்கள் எழுந்து போய்விட வேண்டும்.

இதற்கு நேர் உறவுள்ள இன்னொரு தவறு, எதையும் பாடமாக்கிவிடுவது. தட்டில் தோசை விழும் முன் “இது என்ன வடிவம்?” சட்னியைத் தொட்டால் “தேங்காய் எந்த மாநிலத்தில் அதிகம்?” இப்படி ஓர் அம்மா இருந்தால் நான்கூட அந்த வீட்டில் சாப்பிடமாட்டேன். நான் அப்படித்தான் இருந்தேன். தேவை இருக்கும் இடத்தில் கணக்கு தானாக வந்து உட்காரும். தையலில் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ‘நூல்’ என்போம். இரண்டு நூல் கால் அங்குலம், நான்கு நூல் அரை. பொம்மைக்குப் பாவாடை வெட்டிய மகள், இரண்டு நூல் குறைந்து இடுப்பு ஏறாமல் போனதற்கு அழுதாள். கால் என்றால் எவ்வளவு என்று அதன்பிறகு நான் அவளிடம் கேட்டதே இல்லை. மாமியார் இன்னும் அரிசியை ஆழாக்கில்தான் அளப்பார். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. இரண்டால் பெருக்குவதும் வகுப்பதும் அந்த அரிசிப் பானைக்குள்ளேயே இருக்கின்றன. நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: வாயை மூடிக்கொண்டிருப்பது.

மாமியார் என்றேன். எங்கள் முடிவை அவர் முதலில் ஏற்கவே இல்லை. நான் ஆறு மாதம் அவரோடு வாதாடினேன். கட்டுரைகளை வாசித்துக் காட்டினேன், அதுவும் தவறுதான். பெரியவர்களுக்கு வேண்டியது வாதமல்ல, வேலை. அவர் பல்லாங்குழியை இறக்கிக்கொண்டு வந்த நாளில் சண்டை பாதி ஓய்ந்தது. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஐந்தைந்தாக எண்ணி எழுபது வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆட்டம். பேரன் கள்ளாட்டம் ஆடினால் அவர் கண்ணில் படாமல் தப்பாது.

கணவன், மனைவி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘வீட்டுக்கல்வி’ என்ற பெயரில் முழுச் சுமையும் அம்மாவின் தலையில் விழுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. வாரத்தில் இரண்டு மதியங்கள் பிள்ளைகள் கணவரின் கடையில் இருப்பார்கள் என்று பேசி வைத்தேன். மின்சாரம் ஓடும் பக்கம் போகக் கூடாது, கைச்சுற்று மெஷின் பக்கத்தில் உட்காரலாம். சுற்றுகளை எண்ணுவது மகன் வேலை. ஒருநாள் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே எண்ணிக்கையைத் தவறவிட்டவர் அப்பா. நாற்பத்தாறு என்று சொன்னவன் பையன்.

தோழமை இல்லாமல் வளர்த்துவிடும் ஆபத்தும் உண்டு. தெருப் பிள்ளைகள் மாலையில் வருவார்கள் என்று நம்பினால், அவர்கள் பள்ளியிலிருந்து நேராக டியூஷனுக்குப் போய்விடுகிறார்கள். மதுரையில் இருப்பதால் எங்களுக்கு ஒரு வசதி. 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. சனிக்கிழமைகளில் வேறு பிள்ளைகளும் கிடைப்பார்கள். ஊரில் நூலகம் இல்லையென்றால், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அரசுப் பாடநூல்களையும் பாடநூல் கழகத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ஆனால் திரையில் தோழன் கிடைக்கமாட்டான்.

கடைசியாகக் காகித விஷயம். இதில் அலட்சியம் கூடாது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. வீட்டுக்கல்வி இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சாம்பல் நிலத்தில் நிற்கிறது. தெரிந்தே நில்லுங்கள்.

தேர்வு என்று வரும்போது, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வி நிலைகள் உண்டு. பத்தாம் வகுப்பு எழுதப் 14 வயது நிறைந்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள் தருகிறார்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் பன்னிரண்டரை வயது. இந்த வயதுக் கணக்கைப் பிள்ளை சின்னதாக இருக்கும்போதே குறித்து வையுங்கள். பதின்மூன்று வயதில் தேடத் தொடங்கிய ஒரு குடும்பம் ஓர் ஆண்டு முழுவதும் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தமிழை விட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல். 2006இன் தமிழ் கற்றல் சட்டம் இங்கே பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்குகிறது. நடுவில் பள்ளிக்குத் திரும்பினால் திணறல்தான்.

திரும்புவதைத் தோல்வியாக நினைப்பதும் தவறு. மகள் அடுத்த ஆண்டு பள்ளிக்குப் போக வேண்டும் என்கிறாள். காரணம் படிப்பல்ல, கபடி. எங்கள் பகுதி அரசுப் பள்ளியில் பெண்கள் அணி இருக்கிறது. எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகு போய் விசாரித்தேன். பள்ளியில் சேராமல் இருந்த பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பக்கத்தின் நகலும் பிறப்புச் சான்றிதழின் மூன்று நகல்களும் இப்போது என் தையல் மெஷின் இழுப்பறையில் இருக்கின்றன.