வெட்டும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: பழைய சேலை, வேட்டி, டி-ஷர்ட்டுக்கு மறுவேலை

பழைய துணியில் செய்யும் பொருள் ஆறே மாதத்தில் கிழிந்துபோனால், பெரும்பாலும் தையலில் குறை இருக்காது. இற்றுப்போன பகுதியை இழுவிசை விழும் இடத்தில் வைத்திருப்போம். அதனால் முதலில் துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழைகள் விலகிச் சல்லடைபோலத் தெரிகிற இடம் நைந்த இடம். அடுத்து, இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்துச் சட்டென்று இழுங்கள். 'பர்ர்' என்று சத்தம் வந்தால் அங்கே தையல் நிற்காது. சேலையில் இடுப்பில் செருகும் முனை, பின் குத்தும் தோள்பகுதி, தரையில் உரசும் கொசுவத்தின் அடி ஆகியவை முதலில் போகும். ஃபால்ஸைப் பிரித்தால் உள்ளே நிறம்கூட மங்காத துணி இருக்கும். வேட்டியில் உட்காரும் பகுதி முதலில் நையும்.

என்ன துணி என்று தெரியாவிட்டால், ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, கிண்ணத்துக்கு மேலே பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். பட்டில் முடி கருகும் நாற்றம் வரும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணிபோல இறுகிவிடும். சூடான பாத்திரம் பிடிக்கும் கரித்துணிக்குப் பாலியஸ்டர் கலந்த துணி வேண்டவே வேண்டாம். உருகினால் கையில் ஒட்டும்.

ஒரு சேலையில் ஒரு போர்வை

பழைய பருத்திச் சேலைக்கு இதைவிடச் சிறந்த உபயோகம் கிடையாது. பலமுறை துவைத்த பருத்தியின் மென்மை கடையில் வாங்கும் போர்வையில் வராது. வங்காளத்துக் காந்தா என்ற தையல் போர்வை இப்படிப் பிறந்ததுதான். பழைய சேலை, வேட்டிகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய வண்ண இழையாலேயே தைத்தார்கள்.

தேவை: ஐந்தரை மீட்டர் சேலை ஒன்று, எம்ப்ராய்டரி நூல் 8 கண்டு, 7ஆம் நம்பர் ஊசி இரண்டு. கஞ்சி போட்ட சேலையில் ஊசி இறங்காது. வெந்நீரில் ஊறவைத்து அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஈர வெள்ளைத்துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். சாயம் போகிற துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். அது சாயத்தைக் கட்டாது. வெளிர்நிறத் துணியோடு அதை அடுக்காமல் இருப்பதே வழி.

சேலையை 1.8 மீட்டர் வீதம் மூன்று துண்டாக்குங்கள். கத்தரியால் ஒரு நறுக்கு வைத்துக் கையால் கிழித்தால் இழை பிடித்து நேராக வரும். முந்தானைத் துண்டு மேலே, நைந்த துண்டு நடுவில், மிச்சமுள்ளது அடியில். மூன்றின் கரைகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரட்டும். கரை பிரியாது என்பதால் நீளவாட்டில் மடித்துத் தைக்கத் தேவையில்லை. வெட்டிய இரண்டு அகல ஓரங்களை மட்டும் ஒன்றரை செ.மீ. உள்பக்கம் மடித்தால் போதும்.

தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் நீவி, நாலு மூலையிலும் கனமான பாத்திரம் வையுங்கள். ஒரு சாண் இடைவெளியில் பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாக நூல் ஓட்டுங்கள். இந்தப் படியைத் தவிர்த்தவர்களின் போர்வைதான் கடைசியில் கோணலாக நிற்கும்.

பிறகு ஓட்டுத்தையல். ஆறு இழை நூலை மூன்று மூன்றாகப் பிரித்து, 60 செ.மீ.க்கு மேல் போகாமல் ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். நீளமானால் சிக்கும். தையல் ஒவ்வொன்றும் அரை செ.மீ., வரிசைகளுக்கிடையே 2 செ.மீ. முதல் வரிசையை நட்டநடுவில் நீளவாட்டில் போட்டு, அங்கிருந்து இருபக்கமும் நகருங்கள். ஓரத்தில் தொடங்கினால் தளர்ந்த துணியெல்லாம் நடுவில் சேர்ந்து புடைக்கும். கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி (Siddi) சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப்போர்வையில் ஓரத்திலிருந்து உள்நோக்கித்தான் போவார்கள். ஆனால் அங்கே ஒட்டுத்துண்டுகளை அவ்வப்போது மடித்து வைத்துத் தைப்பதால் தளர்வு அதிலேயே அடங்கிவிடுகிறது.

ஊசியில் நாலைந்து தையல் ஏற்றியபின் நூலை இழுங்கள். துணி சுருங்கும் அளவுக்கு இழுக்கக் கூடாது. வரிசை முடிந்ததும் கையால் நீவித் தளர்த்திவிட்டு முடிச்சுப் போடுங்கள். அவ்வப்போது திருப்பிப் பாருங்கள். அடித்துணியில் புள்ளி தெரியாவிட்டால் ஊசி மூன்று அடுக்கையும் பிடிக்கவில்லை. மொத்தம் ஐம்பத்தேழு வரிசை வரும். நாளுக்கு நாலு போட்டால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும்.

அடியில் புதுத்துணி வைப்பதாக இருந்தால் முதலில் இரண்டு முறை துவையுங்கள். பழையது ஏற்கனவே சுருங்கிவிட்டது, புதியது இனிமேல்தான் சுருங்கும். படுக்கிற விரிப்புக்கு இரண்டு சேலை, ஆறு அடுக்கு. அதற்கு மேல் ஊசி தள்ளினால் விரல்தான் புண்ணாகும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: மென்மைக்காகப் பழைய சேலையில் குழந்தைக்குத் தூளி கட்டுகிறவர்கள், கட்டைவிரல் சோதனையில் தேறாத சேலையைத் தொடவே கூடாது. முடிச்சு உரசும் இடத்தில் எச்சரிக்கையே இல்லாமல் கிழியும்.

பட்டு, டி-ஷர்ட், வேட்டி

பட்டுச்சேலை மடிப்பில்தான் விடும், கரை நன்றாகவே இருக்கும். வெட்டுமுன் ஜரிகையில் ஒரு இழையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிந்தால் அசல் வெள்ளி ஜரிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை நல்ல இடத்தில் காட்டி விலை விசாரித்த பிறகு முடிவெடுங்கள். பாவாடைக்கு எடுப்பதென்றால் கரையோடு இரண்டரை செ.மீ. பட்டையும் சேர்த்து வெட்டி, அடியில் பருத்தி லைனிங் கொடுங்கள். லைனிங் இல்லாவிட்டால் ஜரிகையின் கனமே பட்டைக் கிழித்துவிடும்.

டி-ஷர்ட்டை அக்குள் வரை 3 செ.மீ. அகலத்தில் வளையம் வளையமாக அறுக்காமல், சாய்வாக ஒரே நாடாவாகச் சுற்றி வெட்டுங்கள். இழுத்துவிட்டால் தானே சுருண்டு கயிறாகும். மூன்று புரியாகப் பின்னினால் நீளம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும், அதைக் கணக்கில் வையுங்கள். பின்னலைத் தட்டையாகச் சுற்றித் தைத்தால் மிதியடி. விளிம்பு தட்டுபோலத் தூக்கினால் பின்னலை இழுத்துத் தைக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தச் சுற்றைப் பிரித்து, வளைவுகளில் தளர்த்தித் தையுங்கள்.

பருத்தி வேட்டி நைந்தாலும் வடாம் போட ஆகும். அந்துருண்டை வாசனையோ சோப்பு மணமோ போகும்வரை வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்து அலசுங்கள். ஈரமாகப் பிழிந்து, மாடியில் விரித்து, கூழை ஊற்றுங்கள். காய்ந்ததும் வேட்டியைத் திருப்பிப்போட்டு முதுகில் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் விட்டால் வடாம் உடையாமல் உரிந்து வரும். காய்ந்த துணியிலிருந்து பிய்த்தால் வடாமில் நூல் ஒட்டிக்கொள்ளும்.