கைகழுவும் தண்ணீரிலேயே பள்ளிக்கூடத் தோட்டம்: முதல்முறை போடுகிறவர்களுக்கு

ஜூனில் நட்ட கன்று காய்ந்துபோய், அதன் பெயர்ப்பலகை மட்டும் அடுத்த ஜூனிலும் நிற்கிற பள்ளிக்கூடங்கள் நம் ஊர்ப்பக்கம் நிறைய. செடிமேல் ஆசை இல்லாமல் இல்லை. ஊற்ற ஆளும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதனால் சத்துணவு மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு ஓடுகிற குழாயடியிலிருந்தே தொடங்குகிறேன்.

1. தண்ணீரை அளந்து பாருங்கள்

கைக்கும் தட்டுக்குமாகப் பிள்ளைக்கு 2 லிட்டர் என்று வைத்தால்கூட, 100 பேர் படிக்கும் பள்ளியில் தினமும் 200 லிட்டர் ஓடுகிறது. உங்கள் கணக்கு தெரிய, வடிகுழாய்க்கு அடியில் ஒருநாள் வாளி வைத்து எண்ணுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே எண்ணிவிடுவார்கள். கழிப்பறை கழுவும் தண்ணீர் மட்டும் இதில் சேரவே கூடாது.

2. வாழைக்குழி வெட்டுங்கள்

கழுவிய தண்ணீரை உள்ளே இறக்கி, கரையில் வாழை வைக்கிற குழி இது. மொத்த வேலையும் இதில்தான் இருக்கிறது. குழாயடியிலிருந்து சரிவான பக்கம், கட்டடத்தையும் போர்வெல்லையும் விட்டு நன்றாகத் தள்ளி, 5 அடி அகலம், 3 அடி ஆழத்தில் வட்டக்குழி. வெட்டிய மண்ணைச் சுற்றிலும் கரையாக அணையுங்கள். குழிக்குள் தேங்காய் மட்டை, மேலே சருகு, தென்னை ஓலை என்று கரை மட்டத்துக்கும் மேலே குவிய நிரப்புங்கள். சனிக்கிழமை வெட்டினால் அன்றே நிரப்பிவிட வேண்டும். திறந்த குழியை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை பள்ளியைத் திறக்க முடியாது.

வடிகுழாயைச் சருகுக்கு அடியில் முடியும்படி விடுங்கள். வழியில் ஒரு பழைய கூடையில் தேங்காய் நாரைப் போட்டு வைத்தால் சோற்றுப் பருக்கை அதிலேயே நின்றுவிடும். தினமும் அதைத் தட்டிக் கழுவ வேண்டும். இரண்டு நாள் விட்டால் வரும் நாற்றத்தில் ஹெச்.எம். தோட்டத்தையே மூடச் சொல்லிவிடுவார்.

கரையில் நான்கு வாழைக்கன்று, இடையில் சேம்பு, ஓரமாகப் பப்பாளி. பப்பாளியில் ஆண் மரம் வந்துவிடும் என்பதால் ஒரே இடத்தில் மூன்று நாற்று வைத்து, பூத்த பிறகு காய்க்கிறதை மட்டும் விடுங்கள்.

சருகுக்கு மேலே தண்ணீர் தெரிந்தால் குழி போதவில்லை என்று அர்த்தம். இன்னும் சருகு போடுங்கள், அல்லது இன்னொரு குழி வெட்டுங்கள். தேங்கிய தண்ணீரில் கொசு முட்டை பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். பள்ளிக்கூடத்துக்கு டெங்குவை நாமே கொண்டுவந்த கதையாகிவிடக் கூடாது.

3. கீரைப் பாத்தி

இதற்குக் கழுவிய தண்ணீர் வேண்டாம், நல்ல தண்ணீர்தான். இலையை அப்படியே சமைக்கிறோம் அல்லவா. பாத்தி 3 அடி அகலம் போதும். இரண்டு பக்கமிருந்தும் சின்னக் கை எட்ட வேண்டும், யாரும் உள்ளே மிதிக்கக் கூடாது. ஜூனில் மண்ணைக் கொத்தி மக்கிய எரு கலந்து வைத்தால் ஆடிப்பட்டத்துக்குத் தயாராகிவிடும்.

சிறுகீரை விதை பொடியானது. மணலோடு கலந்து தூவி, மேலே லேசாக மண்ணைத் தடவி, பூவாளியால் ஊற்றுங்கள். எறும்பு இழுத்துப்போகாமல் ஓரங்களில் சாம்பல் போடலாம். ஏறத்தாழ 25 நாளில் பிடுங்கலாம். அரைக்கீரை என்றால் அறுக்க அறுக்கத் துளிர்க்கும். ஒரே ஒரு பாத்திதான் முடியும் என்கிற பள்ளிக்கு அதுவே என் சிபாரிசு. ஐப்பசி மழைக்கு முன் பாத்தியை அரையடி உயர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் வேர் அழுகும்.

4. முருங்கை, வேலியோரம் மட்டும்

முருங்கையை வகுப்பு ஜன்னலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் கம்பளிப்புழு இறங்கும், பட்ட இடமெல்லாம் அரிக்கும். கிளையும் ஏறினால் சட்டென்று முறியும். அழகுக்கென்று முன்பே வைத்த அரளி இருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள். அதன் எல்லாப் பாகமும் விஷம், கேட்டுக்கு அருகில் வைக்கிற செடியே இல்லை.

5. சமையலறையோடு பேசுங்கள்

கீரை அறுக்கிற நாளை சத்துணவு அமைப்பாளரிடம் முதல் நாளே சொல்லுங்கள். காலை பத்தரைக்குக் கொண்டுபோய் நின்றால் சமையலம்மா வாங்க மாட்டார். ஆய்ந்து கழுவ யாருக்கு நேரம்? ஆய்ந்து கொடுத்தால் சாம்பாரில் போடுவார். பதிலுக்கு அங்கிருந்து காய்கறித் தோலையும் முட்டை ஓட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். தோல் குழிக்கு. ஓட்டைக் காயவைத்து நொறுக்கி முருங்கை அடியில் போடலாம்.

6. மே மாதம்

விடுமுறையில் குழாயும் ஓடாது. ஏப்ரல் கடைசியில் கீரையை முழுக்க அறுத்துவிட்டு, பாத்தியைச் சருகால் கனமாக மூடிவிடுங்கள். விதைக்கு இரண்டு செடியை முன்னமே பூக்க விட்டிருந்தால் அடுத்த ஆடிக்கு வாங்க வேண்டாம். முருங்கை தாக்குப்பிடிக்கும். வாழைக்கு மட்டும் வாரம் இருமுறை யாராவது நாலு குடம் ஊற்ற வேண்டும். பள்ளிக்குப் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள், குலையில் ஒரு சீப்பு அவர்களுக்கு என்று இப்போதே பேசிவைத்தால் நல்லது.