பலகையில் கியூஆர் கோடு ஒட்டும் முன்

பழைய கட்டிடமோ சிலையோ, அதன் முழுக் கதையையும் ஒரு பலகையில் எழுத இடம் போதாது. அங்கே ஒரு கியூஆர் கோடு ஒட்டிவிட்டால் மீதியைப் போனிலேயே படித்துக்கொள்ளலாம். வேல்ஸில் உள்ள மான்மத் நகரம் 2012-இல் ஊர் முழுக்க இதைச் செய்தது. ஸ்கேன் செய்தால் அந்த இடத்தைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரை, போனில் வைத்திருக்கும் மொழியில் இருந்தால் அந்த மொழியிலேயே திறக்கும்படி அமைத்தார்கள். எவ்வளவு அருமையான ஏற்பாடு!

நீங்களும் வைப்பதாக இருந்தால் முதலில் இணைப்பைச் சுருக்குங்கள். முகவரி நீள நீள கியூஆர் கோட்டில் உள்ள கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பொடியாகிக்கொண்டே போகும், கேமரா திணறும். அந்தச் சுருக்கிய முகவரி உங்கள் சொந்தத் தளத்தில் இருந்தால் ரொம்ப நல்லது. பின்னால் பக்கம் மாறினாலும் அங்கிருந்தே புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடலாம், பலகையைக் கழற்ற வேண்டாம்.

வெயில், மழை படும் இடமா? கோடு உருவாக்கும்போது பிழை திருத்த அளவில் 'எச்' (H) தேர்ந்தெடுங்கள். சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கும். ஆனால் கட்டங்கள் கூடும், அதனால் கொஞ்சம் பெரிதாகவே அச்சிடுங்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று ஸ்கேன் செய்ய சுமார் 10 சென்டிமீட்டர் அகலம் வையுங்கள். சுற்றிலும் நான்கு கட்ட அளவு வெள்ளை இடம் கட்டாயம். பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம், வெளிச்சம் பட்டு மின்னும், கேமரா திணறும்.

அப்புறம், கியூஆர் கோட்டுக்குக் கீழே என்ன திறக்கும் என்று ஒரு வரியும் இணைய முகவரியும் எழுதுங்கள். மேலே வேறு யாராவது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களா என்றும் அவ்வப்போது பாருங்கள்.