எல்க் எடை: ஆயிரம் பவுண்டுக் கதையும் அதை நம்பிச் செய்யும் தவறுகளும்

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் கொலராடோவில் வேட்டைக்கறி வெட்டித் தரும் கடைகளின் வாசலில் ட்ரக்குகள் வரிசை கட்டும். இறங்கி வருகிறவர் தன் பெயரைச் சொல்வதற்கு முன்பே தான் சுட்ட எல்க்கின், அதாவது அந்தப் பெரிய மானின், எடையைச் சொல்லிவிடுவார். "ஆயிரம் பவுண்டு இருக்கும்." கொஞ்சம் அடக்கமான ஆள் என்றால் தொள்ளாயிரம். அதற்குக் கீழே நான் அநேகமாகக் கேட்டதே இல்லை.

நான் வேட்டைக்கும் போகிறேன், சீசனில் வாரக்கடைசிகளில் அப்படி ஒரு கடையில் கத்தி பிடித்து உதவியும் செய்கிறேன். டென்வர் பக்கம் வேலை பார்க்கும் நம் ஆட்கள் சிலர் இப்போது எல்க் வேட்டைக்கு வர ஆரம்பித்திருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் கூட்டிப்போகும் அலுவலக நண்பர்களிடம் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொள்ளும்போதே இந்த ஆயிரம் பவுண்டுக் கணக்கையும் சேர்த்துக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள், வருடாவருடம் அதே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 1949-லும் அதற்குப் பின்னும் பிறந்த எவரும் இங்கே வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும் என்பதால் துப்பாக்கி, ஆரஞ்சு உடை, லைசென்ஸ் சமாச்சாரமெல்லாம் அங்கேயே சொல்லித் தந்துவிடுவார்கள். எடையைப் பற்றி யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

முதலில் உண்மைக் கணக்கு. கொலராடோவில் இருக்கும் ராக்கி மலை எல்க்கில் நன்கு வளர்ந்த ஆண் சராசரியாக 700 பவுண்டு, அதாவது 318 கிலோ. பெண் 500 பவுண்டு, 225 கிலோ சொச்சம். ஆணின் தோள் உயரம் ஐந்தடி, மூக்கிலிருந்து வால்வரை எட்டடி. இது சராசரி என்பதால் 800 பவுண்டு ஆணும் உண்டு. ஆயிரத்தைத் தொடும் ராக்கி மலை எல்க் மிக மிக அபூர்வம். ஆனால் புதிதாக வருகிறவர்கள் சுடுவது பெரும்பாலும் பெண்ணையோ இளம் ஆணையோதான், 700-க்கும் கீழே.

எந்த எடை என்று சொல்லாமல் எடை சொல்வது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஊரில் சந்தையில் ஆடு பிடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், உயிர் எடை வேறு, கறி எடை வேறு. 20 கிலோ ஆட்டை அறுத்தால் எலும்போடு 10 கிலோ தேறினாலே திருப்தி. எல்க்கிலும் அதே கதைதான், ஆனால் இங்கே ஒன்றுக்கு நான்கு எடை இருக்கிறது, நான்கையும் எல்லோரும் "எடை" என்றே சொல்கிறார்கள்.

700 பவுண்டு ஆணையே எடுத்துக்கொள்வோம். அது உயிர் எடை. விழுந்த இடத்தில் குடல், ஈரல், நுரையீரல் எல்லாம் எடுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும், மிஞ்சுவது 450-லிருந்து 490 பவுண்டு. அப்புறம் தோல், தலை, முழங்காலுக்குக் கீழே உள்ள கால்கள் போனால் கடைக் கொக்கியில் தொங்குவது சுமாராக உயிர் எடையில் பாதி, 350 பவுண்டுக்கு முன்னே பின்னே. அதிலிருந்து எலும்பு, கொழுப்பு, காய்ந்துபோன மேல்பகுதி, குண்டு பட்டு ரத்தம் கட்டிய இடம் எல்லாவற்றையும் நீக்கினால் பெட்டியில் போட்டுத் தரும் எலும்பில்லாத கறி 180-லிருந்து 220 பவுண்டு வரும். 220 வந்தால் நன்றாகச் சுட்டு, நன்றாக அறுத்து, எதையும் விடாமல் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். எல்க் கொழுப்பு வாயில் மெழுகு மாதிரி ஒட்டும், வைத்தால் சீக்கிரம் கெட்ட வாடை அடிக்கும், அதனால் நல்ல கடைக்காரர் அதை வைக்கவே மாட்டார். எடை கூட வேண்டும் என்று அதைக் கறியோடு விடச் சொல்லாதீர்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு இளைஞர் தன் முதல் எல்க்கைக் கொண்டுவந்தார். பக்கத்துக்கு ஐந்து கிளை கொம்பு வைத்த, அதிகம் வயதாகாத ஆண். ட்ரக்கை விட்டு இறங்கும்போதே 900 பவுண்டு என்றார். நான்கு கால்கள், முதுகுக்கறி, முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மெல்லிய கறி, இவ்வளவுதான் வந்திருந்தது. கொலராடோ சட்டப்படி இவற்றையாவது கொண்டுவந்தே ஆக வேண்டும், அதைச் சரியாகச் செய்திருந்தார். கழுத்தையும் விலாக்கறியையும் மலையிலேயே விட்டுவிட்டார். கடைக்காரர் அவர் கண்ணெதிரே தராசில் ஏற்றினார்: 262 பவுண்டு. சீட்டில் எழுதி, வேட்டைச் சீட்டின் எண்ணை ஒவ்வொரு துண்டிலும் கட்டினார். ஒரு முன்னங்கால் தோள்பட்டையில் குண்டு பாய்ந்து பாதி கறுத்துப்போயிருந்தது. வெட்டி முடித்துப் பெட்டியில் வைத்தபோது 158 பவுண்டு.

அவ்வளவுதான், வெடித்துவிட்டார். 900-ல் பாதி 450, மீதிக் கறி எங்கே என்று கேட்டார். சீட்டைக் காட்டினோம், பார்க்கவே இல்லை. எலும்புத் தொட்டியைக் காட்டினோம். அடுத்தவர் கறியோடு கலந்துவிட்டீர்கள், உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டீர்கள் என்று வரிசையில் நின்ற எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று இரவே இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டு "திருடர்கள்" என்று எழுதினார். கடைக்காரரோ முப்பது வருடம் அந்தத் தொழிலைச் செய்த மனிதர், யாருடைய கறியையும் இன்னொருவர் கறியோடு சேர்த்து அரைத்ததில்லை, ஒவ்வொரு எல்க்குக்கும் நடுவே இயந்திரத்தைக் கழுவ வைப்பவர். அடுத்த வருடம் புதிய வாடிக்கையாளர்கள் கண்கூடாகக் குறைந்தார்கள். வந்தவர்களில் சிலரும் கறி வெட்டும்போது கூடவே நிற்கலாமா என்று கேட்டார்கள்.

எனக்குக் கோபம் வருவது எதனால் என்றால், அந்த இளைஞரிடம் கணக்கு ஏற்கனவே இருந்தது. மலையிலிருந்து அந்தக் கறியைத் தூக்கி வந்தது அவரும் அவர் நண்பரும்தான், கொம்பையும் சேர்த்து மொத்தம் ஐந்து சுமை என்று அவரே பெருமையாகச் சொல்லியிருந்தார். ஒரு சுமை 60 பவுண்டு என்று வைத்தால் 300 பவுண்டு, கொம்பும் பைகளும் போக எங்கள் தராசு காட்டிய அதே எடை. 450 பவுண்டு எலும்பில்லாத கறி வேண்டுமென்றால் அதற்கு இருமடங்குக்கும் மேலான சுமையை அந்தச் சரிவில் இறக்கியிருக்க வேண்டும். தன் முதுகு சொன்னதை நம்பாமல், யாரோ கேம்ப்பில் பீர் குடித்துக்கொண்டே சொன்ன 900-ஐ நம்பினார்.

எனவே கடையில் ஒப்படைக்கும்போது தராசின் பக்கத்தில் நில்லுங்கள், எடைச் சீட்டை வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் கூலியே அந்தத் தொங்கும் எடையை வைத்துத்தான், அதனால் அது எப்படியும் எழுதப்படும். அதில் அறுபது சதவீதம் கறியாகத் திரும்பி வந்தால் நியாயம், குண்டு பட்ட இடத்தைப் பொறுத்து கொஞ்சம் கூடும் குறையும். ஒரு வாரம் குளிர் அறையில் தொங்கப் போட்டுப் பதப்படுத்தச் சொன்னால் ஈரம் வற்றி இன்னும் சில சதவீதம் குறையும். கொத்துக்கறியில் மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ சேர்க்கச் சொல்லியிருந்தால் எடை கூடி வரும், அந்தக் கூடுதல் எல்க் கறி இல்லை. இவ்வளவையும் கூட்டிக் கழித்த பிறகும் உதைத்தால் அப்போது கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. கணக்குப் போடாமல் ஒருவரைத் திருடர் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கொம்பைப் பார்த்து உடம்பை எடை போடுவது

பெரிய கொம்பு என்றால் பெரிய உடம்பு என்று மனசு தானாக முடிவு செய்கிறது. கொம்பு வயதையும் தீனியையும் பரம்பரையையும் பொறுத்து வளர்வது, வருடாவருடம் விழுந்து புதிதாக முளைப்பது. மிகப் பெரிய ஜோடிகூட 40 பவுண்டு வரைதான். பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் 1887-ல் தொடங்கப்பட்டது, வட அமெரிக்க வேட்டை விலங்குகளின் சாதனைப் பட்டியல் அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் அளப்பது கொம்பை மட்டுமே: அறுபது நாள் காயவிட்டு, அங்குலத்தை எட்டாகப் பிரித்து அளந்து, கூட்டிக் கழித்து மதிப்பெண் தருகிறார்கள். உடம்பு எடை அந்த மதிப்பெண்ணில் எங்கேயும் சேராது. ஒருவர் "360 எல்க்" என்றால் அது கொம்பின் மதிப்பெண். அதைப் பவுண்டாக நினைத்துக் குழம்பிய புதியவரையும் பார்த்திருக்கிறேன்.

அலாஸ்கா எடையைக் கொலராடோவுக்குக் கொண்டுவருவது

ஆயிரம் பவுண்டு எல்க் என்பது முழுப் பொய்யும் இல்லை, வேறு இடத்து உண்மை. வாஷிங்டன், ஓரிகன் கடலோர மழைக்காடுகளில் இருக்கும் ரூஸ்வெல்ட் எல்க் ராக்கி மலை எல்க்கைவிடப் பருத்தது, அதன் ஆண்கள் 700-லிருந்து 1,100 பவுண்டு வரை போகும். ஒலிம்பிக் தீபகற்பத்தில் 1928-ல் பிடித்த எட்டுக் குட்டிகளை மறு வருடம் அலாஸ்காவின் அஃபோக்னாக் தீவில் விட்டார்கள். அங்கே நல்ல தீனியில் பெருகிய கூட்டத்தில் சில ஆண்கள் 1,300 பவுண்டு இருக்கும் என்று சொல்கிறார்கள், அதுவும் மதிப்பீடுதான். இந்தப் பக்கம் கலிஃபோர்னியாவின் டூலி எல்க் எல்லாவற்றிலும் சிறியது, ஆண் 400 பவுண்டு சுமார். "எல்க் எடை" என்று தேடினால் இவை எல்லாம் கலந்து வரும், எல்லோர் கண்ணும் பெரிய எண்ணிலேயே நிற்கும்.

எந்த மாதம் என்று பார்க்காதது

ஆகஸ்ட் கடைசியில் ஆண் எல்க் கொழுத்து உருண்டு இருக்கும். செப்டம்பரில் இணைசேரும் பருவம். கூவுவதும், பெண் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிக் காவல் காப்பதும், மற்ற ஆண்களோடு கொம்பு மோதுவதுமாக வாரக்கணக்கில் சரியாக மேயாது. அது முடிவதற்குள் உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு வரை கரைந்துவிடும். செப்டம்பர் தொடக்கத்தில் வில்வேட்டையில் விழுவதும் நவம்பர் துப்பாக்கி சீசனில் விழுவதும் ஒரே விலங்காக இருந்தாலும் ஒரே எடையாக இருக்காது.

படத்தை நம்புவது

ஆள் விலங்குக்கு ஆறடி பின்னால் உட்கார்ந்திருப்பார், விலங்கு பெரிதாகத் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

ட்ரக் அமுங்கியதை வைத்துச் சொல்வது

வேண்டாம்.

சுமை கணக்கைக் கோட்டைவிடுவது

கறி பெட்டிக்கு வரும்போது எல்லோரும் எடையைக் கூட்டுகிறார்கள். காட்டுக்குள் போகும்போது அதே ஆட்கள் குறைத்துப் போடுகிறார்கள், "ரெண்டு நடையில் முடிச்சிடலாம்" என்று. வளர்ந்த ஆணின் ஒரு பின்தொடை எலும்போடு 60-லிருந்து 80 பவுண்டு. முன்னங்கால் ஒன்று 45-லிருந்து 60. பத்தாயிரம் அடி உயரத்தில், விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி, ஐந்து மைல் தூரத்துக்கு ஒரு பின்தொடையைத் தூக்கினால் முழங்கால் என்ன ஆகும் என்று சுடுவதற்கு முன் யோசிக்க வேண்டும், சுட்ட பிறகு யோசித்துப் பயனில்லை. குதிரை என்றாலும் ஒன்றுக்கு 150-லிருந்து 200 பவுண்டுக்குள் நிறுத்துவதுதான் அதற்கு நாம் செய்யும் மரியாதை, ஆக ஒரு ஆண் எல்க்குக்கு இரண்டு குதிரை.

இதில் நேரமும் சேர்ந்துகொள்கிறது. எல்க் தோல் அடர்த்தி, உள்ளே சூட்டை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். செப்டம்பர் மத்தியானத்தில் தோலை உரிக்காமல் போட்டுவிட்டு ஆள் கூட்டிவரப் போனால், திரும்பும்போது பின்தொடை இடுப்பு மூட்டுப் பக்கம் உள்ளேயிருந்து புளித்துப்போயிருக்கும். மேலே பார்த்தால் தெரியாது, கடையில் எலும்பை ஒட்டிக் கத்தி இறங்கும்போதுதான் நாற்றம் வரும், அந்தப் பகுதி நேரே குப்பைக்கு. உடனே தோலை உரித்து, கால்களைப் பிரித்து, காற்றோட்டமான துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிட்டுவிட்டு அப்புறம் முதல் சுமையைத் தூக்குங்கள். எலும்பை அங்கேயே உருவிவிட்டால் சுமையும் குறையும், கறியும் சீக்கிரம் ஆறும். ஆனால் எந்தப் பாலின விலங்கு என்று காட்டும் அடையாளத்தை விதிப்படி விட்டுவைக்க வேண்டும்.

தராசு இல்லாமல் போவது

சின்னத் தொங்கு தராசு, கையடக்கமானது, கேம்ப்பில் ஒரு கிளையில் கட்டி ஒவ்வொரு பையையும் நிறுத்து எழுதிவையுங்கள். கூட வந்தவர்கள் முகம் கோணினாலும் பரவாயில்லை.

உறைபெட்டியைக் கதை எடைக்கு வாங்குவது

ஒரு கன அடி உறைபெட்டியில் 35-லிருந்து 40 பவுண்டு கறி அடங்கும். 200 பவுண்டு கறிக்கு ஆறு கன அடி தாராளம், ஏழு கன அடிப் பெட்டி வாங்கினால் வீட்டுச் சாமானுக்கும் கொஞ்சம் இடம் இருக்கும். ஆயிரம் பவுண்டு எல்க்கை நினைத்துப் பதினைந்து கன அடி வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள், பாதி காலியாக வருடம் முழுக்க மின்சாரம் தின்றுகொண்டிருக்கிறது. முதல் எல்க் வீட்டுக்கு வந்த பிறகு வாங்குங்கள், அதுவரை ஓரிரு நாள் கடையிலேயே வைத்துத் தரச் சொன்னால் பெரும்பாலும் தருவார்கள், கேட்டுப் பாருங்கள்.